வெளிநாட்டில் வாடகை வீடு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறுவோர் அங்கே வாடகை வீடு பிடிப்பது குறித்து இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் அளிக்கிறோம். வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மாநிலத்துக்கு மாநிலமே வேறு. ஆகவே எந்தப் பதில் எந்த ஊருக்கு உரியது என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம்.

ஓசூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் மகன், கனடாவின் நிரந்தர வசிப்புரிமை பெற்று, மனைவியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் பிராம்ப்டன் நகரத்துக்குப் புறப்பட இருக்கிறான். இணையத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்று, அக்கம்பக்கத்து வாடகையைவிட மிகக் குறைவாகக் கிடைத்திருக்கிறது. உரிமையாளர் வேலை நிமித்தம் வேறு நாட்டில் இருக்கிறாராம். முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் இப்போதே அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி, தம் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருக்கிறார். குழந்தையோடு போய் இறங்கித் தங்க இடமில்லாமல் தவிக்கக் கூடாதே என்று மருமகள் பயப்படுகிறாள். பணம் அனுப்பலாமா?
— வாசகர், பாலக்கோடு

அனுப்ப வேண்டாம், ஐயா. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு செய்திகளும், அதாவது குறைந்த வாடகை, ஊரில் இல்லாத உரிமையாளர், கூரியரில் வரும் சாவி, கேட்காமலே வந்து சேர்ந்த பாஸ்போர்ட் நகல் ஆகியவை, வாடகை மோசடிகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் அடையாளங்கள். அந்த நகல் இதற்கு முன் ஏமாந்த இன்னொருவருடையதாகக்கூட இருக்கலாம். அந்த முகவரியில் அப்படியொரு வீடு உண்மையிலேயே இருக்கவும் கூடும். ஆனால் அதில் வேறொரு குடும்பம் எதுவும் அறியாமல் குடியிருக்கும். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கேட்பது மட்டும் அந்த ஊரின் உண்மையான வழக்கம்தான். மெய்யான வழக்கம் ஒன்றைச் சொல்லி நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, அதன் பின்னால் பொய்யை நகர்த்துவதில்தான் இவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

மருமகளின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து, இங்கிருந்தபடியே ஓராண்டுக்கு வீடு பிடிப்பது அன்று. முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு மட்டும், பெயர் பெற்ற தங்குமிட நிறுவனம் ஒன்றின் வழியாகவோ, உறவினர் வீட்டிலோ, மாத வாடகைக்கு விடப்படும் அறைகலன்களோடு கூடிய அறையிலோ இடம் ஏற்பாடு செய்துகொண்டு புறப்படச் சொல்லுங்கள். நாள் வாடகைக் கணக்கில் இது கூடுதலாகத் தெரியும். இரண்டு மாத வாடகையை முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பி இழப்பதோடு ஒப்பிட்டால் இது சிறு செலவே.

வந்து இறங்கிய பின் வீடு கிடைக்குமா என்ற கேள்விக்கு, அங்கே காலி வீடுகள் எப்படிச் சந்தைக்கு வருகின்றன என்பதிலேயே விடை இருக்கிறது. பிராம்ப்டன் அமைந்துள்ள ஒண்டாரியோ மாநிலத்தில், மாத வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்வதற்கு 60 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். காலி செய்யும் நாளும் பெரும்பாலும் மாதக் கடைசியாகவே அமையும். ஆகவே அடுத்த மாதம் முதல் தேதிக்குக் காலியாகும் வீடுகள் இந்த மாதத் தொடக்கத்திலேயே விளம்பரத்துக்கு வந்துவிடுகின்றன. மாதத்தின் முதல் வாரத்தில் போய் இறங்கினால் பார்ப்பதற்கு வீடுகள் நிறைய இருக்கும். மூன்றாவது வாரத்தில் இறங்கினால் எஞ்சியவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுக்க நேரும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் இதை நினைவில் வைப்பது நல்லது. மாணவர்கள் வந்து குவியும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் போட்டி மிகும், குளிர்காலத்தில் குறையும்.

அடுத்தது தாள்கள். பாலக்கோட்டில் ஒருவர் வீடு கேட்டு வந்தால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே வேலை என்று டீக்கடையில் விசாரித்தே உரிமையாளர் முடிவு செய்துவிடுவார். கனடாவில் அந்த விசாரணையைக் கடன் வரலாற்று அறிக்கை செய்கிறது. புதிதாக வந்தவருக்கு அந்த அறிக்கை வெற்றுத்தாளாகவே இருக்கும். இந்தியாவில் உங்கள் மகனுக்கு இருக்கும் சிபில் மதிப்பெண் அங்கே தானாகப் போய்ச் சேராது. ஆனாலும் அதன் அறிக்கையை அச்சிட்டு எடுத்துச் செல்லட்டும். ஓசூரில் குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம், எத்தனை ஆண்டுகள் இருந்தார், வாடகையைத் தவறாமல் தந்தாரா, வீட்டை நல்ல நிலையில் ஒப்படைத்தாரா என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதி, தொலைபேசி எண்ணோடு கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். வாடகையை வங்கி வழியாகச் செலுத்தியிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கை கடிதத்தைவிட வலுவானது. வேலைக் கடிதம், குடியேற்ற விண்ணப்பத்தின்போது காட்டிய சேமிப்பின் இன்றைய நிலை, குடும்பத்தைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கி வைத்துக்கொண்டால், வீட்டைப் பார்த்த அன்றே விண்ணப்பிக்க முடியும். அங்கே வேலையில் உள்ள உறவினர் எவரேனும் பிணை கையெழுத்திட முன்வந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். பாஸ்போர்ட் நகல் தரும்போது, வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும் என்று அதன் குறுக்கே எழுதித் தேதியிட்டுத் தருவது நல்லது. வேலைக்கும் வரிக்கும் கனடா அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்ணைத் தரும்படி உரிமையாளர் கேட்கலாம்; தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சட்டம் உங்கள் மகனின் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒண்டாரியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, உரிமையாளர் கேட்டுப் பெறக்கூடிய முன்பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகவே கழிக்கப்பட வேண்டும், அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் உண்டு. வீடு சேதமானால் பிடித்துக்கொள்வதற்கென்று தனியாக டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். சாவிக்கு மட்டும் அதன் மாற்றுச் செலவு அளவுக்குத் திருப்பித் தரத்தக்க தொகை வாங்கலாம். 2018 ஏப்ரல் 30 முதல், பெரும்பாலான வீடுகளுக்கு அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தப் படிவத்திலேயே கையெழுத்திட வேண்டும். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி வீடு மறுப்பதை மாநில மனித உரிமை விதிமுறை ஏற்பதில்லை. நடைமுறையில், பத்து விண்ணப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாளர் காரணம் எதையும் சொல்லப் போவதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் கோப்பைக் கனமாக்கும்படி மேலே சொன்னேன்.

ஒன்று விடுபட்டுப் போகும். வாடகை ஆண்டுக்கு ஒருமுறை, அரசு அறிவிக்கும் விகிதத்துக்குள் மட்டுமே உயர்த்தப்படலாம். 2025இல் அது 2.5 விழுக்காடாகவும் 2026இல் 2.1 விழுக்காடாகவும் இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடியேறப்பட்ட கட்டடங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. பளபளப்பான புதிய அடுக்குமாடியில் ஓராண்டு கழித்து வாடகை எவ்வளவு ஏறும் என்பது உரிமையாளரின் கையில் இருக்கிறது. வீட்டைப் பார்க்கும்போதே கட்டடத்தின் வயதைக் கேட்டுவிட வேண்டும்.

நான் ஓசூர் சிப்காட்டில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு வாடகைக்கு எடுக்க ஷுஃபா என்ற சான்று கேட்கிறார்கள். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். வங்கியில் முகவரிப் பதிவு கேட்கிறார்கள். முகவரிப் பதிவுக்கு வீடு வேண்டும். எங்கே தொடங்குவது என்றே விளங்கவில்லை.
— வாசகர், மத்திகிரி

இந்தச் சுற்றை உடைக்கும் இடம் முகவரிப் பதிவுதான். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, இன்னார் என் வீட்டில் குடியேறியிருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிச் சான்று தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் அதற்குப் போதாது. ஆகவே முதல் சில மாதங்களுக்கு நீங்கள் தேட வேண்டியது, இந்தச் சான்றைத் தரச் சம்மதிக்கும் தற்காலிக அறை. அறைகலன்களோடு மாத வாடகைக்கு விடும் இடங்கள் பலவற்றில் சான்று தருகிறார்கள், சிலவற்றில் தருவதில்லை. முன்பதிவு செய்வதற்கு முன் இந்த ஒரு கேள்வியை எழுத்திலேயே கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்தால் வரி அடையாள எண் அஞ்சலில் அந்த முகவரிக்கே வரும். அது வரத் தாமதமானால் சம்பளத்தில் வரி மிகக் கூடுதலாகப் பிடிக்கப்படலாம். பின்னால் சரிசெய்யப்படும் என்றாலும் புதிதாகப் போன இடத்தில் கை கடிக்கும். கதவில் உள்ள அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத பெட்டியில் அஞ்சல்காரர் கடிதம் போட மாட்டார்.

ஷுஃபா என்பது கடன் நம்பகத்தன்மை பற்றிய அறிக்கை. நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள் என்பதைப் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டும்போது, அதற்கு மாற்றாக வேலை ஒப்பந்தத்தையும், சம்பளத்தைக் குறிப்பிடும் நிறுவனக் கடிதத்தையும், கிடைத்த வரையிலான சம்பளச் சீட்டுகளையும் ஏற்கும் உரிமையாளர்கள் உண்டு. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் வீடு தேட உதவுமா, தங்குமிடச் செலவை ஏற்குமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். சம்பளம் பேசும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் வாதிடும் நம் பொறியாளர்கள் இதைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள்.

விளம்பரத்தில் இரண்டு வாடகைகள் இருக்கும். கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை; வார்ம்மீட்டே என்பது வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, பொதுப் பராமரிப்பு போன்ற செலவுகளுக்கான மாதத் தவணையையும் சேர்த்தது. பெரும்பாலும் மின்சாரமும் இணையமும் இரண்டிலும் அடங்காது. அந்த மாதத் தவணையும் உத்தேசமானதே. ஆண்டு முடிவில் உண்மைச் செலவைக் கணக்கிட்டு, மிஞ்சினால் திருப்பித் தருவார்கள், குறைந்தால் கேட்பார்கள். குளிர்காலம் முழுவதும் எல்லா அறைகளிலும் வெப்பக் கருவியை முழு அளவில் வைத்திருந்தவருக்கு அடுத்த ஆண்டு வரும் கணக்கு அதிர்ச்சி தரும்.

டெபாசிட், கால்ட்மீட்டேயின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணைகளில் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. உரிமையாளர் அதைத் தம் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது. பெங்களூருப் பக்கம் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். தரகரை அமர்த்தியவர் யாரோ அவரே தரகுத் தொகையைத் தர வேண்டும் என்பது 2015 ஜூன் முதல் அங்கே சட்டம். உரிமையாளர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்டால் மறுத்துவிடலாம்.

நம்மவர்கள் கதவைத் திறந்ததும் திகைத்து நிற்பது சமையலறையில். அறைகலன்கள் இல்லாத வீடு என்றால் பல இடங்களில் அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எதுவும் இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், கூரையில் விளக்குக்குப் பதில் மின்கம்பி தொங்கும். முன்பு குடியிருந்தவர் தம் சமையலறையை உங்களுக்கு விற்க முன்வரலாம். விலை பேசி வாங்குவது பெரும்பாலும் புதிதாக அமைப்பதைவிடச் சிக்கனமானது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், குறிப்பிட்ட காலம் வரை வெளியேற முடியாது என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், மூன்று மாத அறிவிப்புத் தந்துவிட்டு நீங்கள் வெளியேறலாம்.

விசா விண்ணப்பத்துக்கே வாடகை ஒப்பந்தம் வேண்டும், பணம் கட்டினால் நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று எங்கள் ஊரில் ஏஜெண்ட் ஒருவர் சொல்கிறார். என் தம்பிக்குக் கனடாவின் நிரந்தர வசிப்புரிமை உறுதியாகிவிட்டது. அவர் சொல்வது உண்மையா?
— வாசகி, அரூர்

உங்கள் தம்பிக்கு அது தேவையில்லை. வசிப்புரிமை அட்டையை அனுப்புவதற்குக் கனடாவில் ஒரு முகவரி வேண்டும்; அது உறவினருடையதாகவோ நண்பருடையதாகவோ இருக்கலாம், போய்ச் சேர்ந்த பின் 180 நாட்களுக்குள் தெரிவித்தாலும் போதும். அந்த ஏஜெண்டிடம் பணம் கட்ட வேண்டாம்.

என் மகள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் முதுகலை படிக்கப் போகிறாள். பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெளியே வீடு பார்த்தால், அந்த நாட்டில் வருமானம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தர வேண்டும் என்கிறார்கள். இது முறையா? எங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது.
— வாசகி, கிருஷ்ணகிரி பழையபேட்டை

அயல்நாட்டு மாணவர்களிடம் இப்படிக் கேட்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது: 2026 மே 1 முதல், இங்கிலாந்தில் தனியார் வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகையை முன்கூட்டியே கேட்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை. ஆனால் பல்கலைக்கழக விடுதிகளுக்கும், மாணவர்களுக்கென்றே கட்டப்பட்டு அரசு ஏற்ற நடத்தை விதிகளுக்கு உட்பட்ட தனியார் விடுதிகளுக்கும் இது பொருந்தாது. அவற்றில் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டும் முறை தொடரும். ஆகவே உங்களிடம் கேட்டவர் எந்த வகை இடத்தை நடத்துகிறார் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜாமீன் கேட்பது சட்டப்படி செல்லும். ஆள் இல்லாதவர்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. சில பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களுக்குத் தாமே ஜாமீன் நிற்கின்றன. மகள் சேரும் பல்கலைக்கழகத்தின் தங்குமிட அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். விடுதியில் இடம் இல்லை என்று சொன்ன அதே அலுவலகம், காத்திருப்போர் பட்டியலையும், தான் சரிபார்த்த வெளி வீடுகளின் பட்டியலையும் வைத்திருக்கக்கூடும்.

2019ஆம் ஆண்டின் கட்டணத் தடைச் சட்டப்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைப் பிடித்து வைக்கும் தொகை ஒரு வார வாடகைக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம், ஒப்பந்தம் தயாரிக்கும் கட்டணம் போன்றவற்றைக் கேட்கக் கூடாது. டெபாசிட்டை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றில் செலுத்தி, அந்த விவரத்தை மகளுக்கு எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால், டெபாசிட் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை இழப்பீடு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அங்கே வீடு கொடுப்பவர், குடியேறுபவருக்கு அந்த நாட்டில் தங்கும் உரிமை இருக்கிறதா என்று சரிபார்க்கக் கடமைப்பட்டவர். மின்விசாக் கணக்கிலிருந்து பெறும் பகிர்வுக் குறியீட்டை அதற்காகக் கொடுத்தால் போதும். அசல் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னால் மறுக்க வேண்டும். முழுநேர மாணவர்கள் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்கு நகராட்சி வரி கிடையாது. உடன் தங்குபவர்களில் ஒருவர் மாணவராக இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வரி வந்துவிடும். அதை யார் கட்டுவது என்ற பூசல் நண்பர்களைப் பிரித்துவிடும். குடியேறுவதற்கு முன்பே பேசி முடிக்கட்டும்.

என் கணவர் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் தமிழர் ஒருவரின் வீட்டில் பேஸ்மெண்டில் தங்கியிருக்கிறார். நம்மவர் என்பதால் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார், ரசீது தருவதில்லை. திடீரென்று காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது? நானும் பிள்ளைகளும் விரைவில் அங்கே போக வேண்டும்.
— வாசகி, காவேரிப்பட்டணம்

முகம் தெரியாத நாட்டில் நம் மொழி பேசுபவர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டது பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என்றாலும் தமிழர் என்பது ரசீதுக்கு மாற்றாகாது. கணவர் கேட்டால் உரிமையாளர் கட்டணமின்றி ரசீது தர வேண்டும் என்று ஒண்டாரியோ சட்டம் சொல்கிறது. அந்த ரசீதுக்கு மூன்று பயன்கள் உண்டு: அடுத்த வீடு தேடும்போது ஒழுங்காக வாடகை கட்டியதற்குச் சான்றாகும், வருமான வரிக் கணக்கோடு, செலுத்திய வாடகையை அடிப்படையாகக் கொண்ட மாநில அரசின் சலுகைத் தொகையைக் கோரும்போது துணை நிற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கேட்கப்படும் முகவரிச் சான்றுகளோடு சேர்த்துக் காட்டலாம். ரொக்கத்தைத் தவிர்த்து வங்கி வழியாக அனுப்பத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது. வங்கிப் பரிமாற்றத்தை அவர் ஏற்க மறுத்தால், அந்த மறுப்பே ஒரு செய்தி.

காலி செய்யச் சொல்வது பற்றி: எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாய்மொழி வாடகையும் அங்கே செல்லும். மாநிலத்தின் வாடகைத் தீர்ப்பாயம் உத்தரவிடாமல் உரிமையாளர் பூட்டை மாற்றவோ பொருள்களை வெளியே வைக்கவோ முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு கேள்வியில் தொங்குகிறது. சமையலறையையோ குளியலறையையோ அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையாளரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோடோ பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் உங்கள் கணவர் இருந்தால், வாடகைக் குடியிருப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. மேல்மாடியில் உரிமையாளர் சமைக்கும் அதே அடுப்பில்தான் அவரும் சமைக்கிறார் என்றால், அவர் சட்டத்தின் பார்வையில் கிட்டத்தட்ட விருந்தாளி. இதை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்களும் பிள்ளைகளும் போவதானால், அந்த இடமே குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேறத் தனி வாசலோ, ஆள் ஏறி வெளியே வரக்கூடிய அளவுக்குச் சன்னலோ இருக்கிறதா? புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்கின்றனவா? குளிர்காலத்தில் எரியும் வெப்ப உலை பெரும்பாலும் அடித்தளத்தில்தான் இருக்கும். மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு கசிந்தால் தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை, வெப்பமூட்டலைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் உரிமையாளர் அறையின் வெப்பநிலை 20 செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாநில விதி சொல்கிறது. மேல்தளத்தில் இருப்பவரின் கையில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்து, கீழ்த்தளத்தில் பிள்ளைகள் நடுங்கும் வீடுகள் இருக்கின்றன. முடிந்தால் வேறு இடம் பாருங்கள் என்பதே என் கருத்து. உறவு கெடாமல் கிளம்ப, நீங்கள் வந்து சேர்வதற்கு முந்தைய மாதங்களே நல்ல நேரம்.

கனடாவில் வாடகை முன்பணம் கட்ட இங்கிருந்து பணம் அனுப்ப வரம்பு உண்டா? இன்னொன்று: என் நண்பர் ஒருவர் இல்லாத வீட்டுக்குப் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டார். திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், தருமபுரி நெசவாளர் காலனி

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தின்கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வாடகைக்கு இது ஏராளம். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்புவதற்கு வரிப் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் பிடிக்கப்பட்டாலும் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

உங்கள் நண்பர் முதலில் தம் வங்கிக்கும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் தர வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் கைமாறுவதற்கு முன் கணக்கு முடக்கப்பட்டால்தான் வாய்ப்பு. வெளிநாட்டுக் கணக்குக்குப் போய், அங்கிருந்து எடுக்கப்பட்டுவிட்டால் திரும்புவது மிகக் கடினம். நண்பர் தம் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருந்தால், அது இப்போது இன்னொருவருக்கு வீட்டு உரிமையாளரின் அடையாளமாகக் காட்டப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் அதையும் புகாரில் தவறாமல் குறிப்பிடட்டும்.

நாங்கள் அசைவம் சமைப்போம், தாளிப்பு மணமும் இருக்கும். இதைச் சொல்லி வெளிநாட்டில் வீடு மறுப்பார்களா?
— வாசகி, தேன்கனிக்கோட்டை

அசைவமா சைவமா என்று கேட்டு வீடு தரும் வழக்கம் நம் ஊரில்தான் மிகுதி. அங்கே இனத்தையோ பிறந்த நாட்டையோ காட்டி வீடு மறுப்பது கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது. மணம் பரவுவது வேறு. மரச்சட்டமும் தரைவிரிப்பும் கொண்ட வீட்டில் அது ஊறிவிட்டால் வெளியேறும்போது சுத்தம் செய்யும் செலவைக் கேட்பார்கள். வீடு பார்க்கும்போது அடுப்புக்கு மேல் உள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். களியும் கீரைக்கடைசலும் எந்த வீட்டிலும் சிக்கல் தராது. வறமிளகாய் தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் எச்சரிக்கைக் கருவி அலறினால் சன்னலைத் திறங்கள். எரிச்சலில் அதன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டாம்.

மெல்போர்னில் இருக்கும் என் அண்ணன் வீட்டைக் காலி செய்யப் போகிறார். சுவரில் உள்ள கீறல்களைக் காட்டி டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வோம் என்று முகவர் மிரட்டுகிறாராம். அவற்றில் பல அவர் குடியேறும்போதே இருந்தவை.
— வாசகர், பர்கூர்

மெல்போர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தில் டெபாசிட் உரிமையாளரின் கையிலும் முகவரின் கையிலும் இருக்கக் கூடாது. வாங்கிய பத்து வேலை நாட்களுக்குள் மாநில அரசின் வாடகை டெபாசிட் ஆணையத்தில் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். செலுத்தப்பட்டதா என்பதை அண்ணன் ஆணையத்திலேயே கேட்டு அறியலாம். முகவர் நினைத்தால் பிடித்துக்கொள்ள முடியாது. இருவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் விவகாரம் மாநிலத் தீர்ப்பாயம் வரை போகும்.

அங்கே பேசப்போவது குடியேறிய நாளின் நிலை அறிக்கை. அந்த மாநிலத்தில் வீட்டின் ஒவ்வொரு அறையையும் பற்றி முகவர் எழுதித் தரும் அந்த அறிக்கையைச் சரிபார்த்து, விடுபட்டவற்றைச் சேர்த்து, ஐந்து வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அண்ணன் அப்போதே கீறல்களைக் குறித்திருந்தால் வழக்கு அவர் பக்கம். குறிக்கவில்லை என்றால், குடியேறிய வாரத்தில் வீட்டுக்குள் எடுத்த குடும்பப் படங்களின் பின்னணியில் அந்தச் சுவர்கள் தெரிகின்றனவா என்று தேடிப் பார்க்கட்டும். படத்தின் தேதியும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். வழக்கமான புழக்கத்தால் வண்ணம் மங்குவதற்கும் தரைவிரிப்பு தேய்வதற்கும் வாடகைதாரர் பொறுப்பல்லர். ஆணி அடித்த துளைகளுக்குப் பொறுப்பு அவருடையது. முகவர் ஆள் வைத்துச் செய்துவிட்டுச் சொல்லும் தொகையைவிட, கடையில் பூச்சு வாங்கித் தாமே அடைத்துவிடுவது குறைவாகவே முடியும்.